முதுகில் வலை சுமந்த வண்டுகள்

கல்லில் பதிந்த ஒற்றை இறக்கையை வைத்துக்கொண்டு இது வண்டுதான், அதுவும் இன்ன குடும்பம்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ட்செகார்டோகோலியிடே என்ற அழிந்துபோன வண்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது, ஏனென்றால் அதில் கிடைத்தவற்றுள் நிறைய தனி இறக்கைகள்தான்.

பெயர் வாயில் நுழையாது, ஆனால் வந்த வழி எளிது. ரஷ்யாவின் பெர்ம் பகுதியில் சில்வா ஆற்றங்கரையில் செகார்டா என்று ஓர் இடம், அங்கே சுமார் 28 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள், அவற்றில் ஏராளமான பூச்சிப் புதைபடிவங்கள். புவி வரலாற்றில் அந்தப் பாறைகள் உருவான காலத்துக்குப் பெர்மியன் காலம் என்ற பெயரே இந்தப் பெர்மிலிருந்து வந்ததுதான். 1944-ல் சோவியத் பூச்சியியலாளர் ரோடெண்டார்ஃப் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தார். செக் நாட்டின் ஒபோராவிலும் இதே குடும்பத்தின் படிவங்கள் கிடைத்தன.

சரி, இறக்கைக்கு வருவோம். வண்டுக்கு இரண்டு ஜோடி இறக்கைகள். பின் ஜோடி பறக்க, முன் ஜோடி மூடியாக. அந்த மூடிக்கு எலிட்ரா என்று பெயர். மற்ற பெரும்பாலான பூச்சிகளின் இறக்கை என்பது மெல்லிய சவ்வு, அதில் நீள நரம்புகள், அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகள். இந்த மெல்லிய சவ்வு எப்படி ஓடாக மாறியது? ட்செகார்டோகோலியிடே வண்டுகளில் அந்த மாற்றம் பாதி வழியில் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம், எனக்கு இவற்றின் மேல் இத்தனை பிரியம் வந்ததே அதனால்தான். நீள நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, இடையே குறுக்கு நரம்புகள் ஒழுங்காக வந்து வரிசை வரிசையாகக் கட்டங்களை உண்டாக்குகின்றன. நரம்புகள் தடித்துவிட்டன, கட்டங்களுக்குள் இருக்கும் சவ்வு மட்டும் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. ஒரு வலையின் நூல் தடித்துக்கொண்டே போனால் கண்கள் சிறுத்துக்கொண்டே வரும் இல்லையா, அதுதான் நடந்தது. பின்னால் வந்த சில கிளைகளில் கண்கள் முழுக்க அடைபட்டு வழவழப்பான ஓடு ஆகிவிட்டது. குப்பெடிடே போன்ற வெகு சில வண்டுக் குடும்பங்களில் இன்றைக்கும் அந்த வலை முதுகில் அப்படியே தெரியும். மற்ற பல வண்டுகளின் ஓட்டில் நேர்கோட்டில் ஓடும் சின்னச் சின்னக் குழிகளும் அந்தப் பழைய கட்டங்களின் மிச்சம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தப் பழைய வண்டுகளின் மூடி வயிற்றின் நுனியைத் தாண்டி நீண்டு, உடம்போடு ஒட்டாமல், கூரை போலத் தளர்வாகக் கிடந்தது. இன்றைய வண்டுகளில் இரண்டு மூடிகளும் நடுவில் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன, ஓரங்கள் உடம்போடு இறுகுகின்றன, அடியில் ஒரு மூடிய அறை உருவாகிறது. அதனால் ஈரம் எளிதில் வெளியேறாது. நீரில் வாழும் பல வண்டுகள் அங்கேதான் காற்றைச் சேமித்து வைக்கின்றன. ஏறத்தாழ 4 லட்சம் வண்டுச் சிற்றினங்கள் இன்று இருப்பதில் இந்த மூடிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆக, வாசகருக்குப் பதில் அந்தக் கட்டங்களின் ஒழுங்குதான். ஆனால் ஓடு மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் பெர்மியன் காலத்திலேயே இடுக்கிப்பூச்சிகளின் உறவினர்களும் தனியாக ஓட்டு இறக்கைகளை உண்டாக்கிக்கொண்டன. உமெனோகோலியஸ் என்ற பூச்சியை முதலில் வண்டு என்றார்கள், இன்று அது கரப்பான்பூச்சிகளின் பக்கம் இருக்கிறது. கட்டங்களும் ஏமாற்றலாம். அமெரிக்காவின் மேசன் க்ரீக்கில் கிடைத்த, 30 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான அடிஃப்ளெபியாதான் மிகப் பழைய வண்டு என்று 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. 2012-ல் வேறு இருவர் அதே படிவங்களை மறுபடி ஆராய்ந்து, கட்டங்களாகத் தெரிந்தவை இறக்கையில் ஒட்டிய களிமண் துணுக்குகள் என்று காட்டினார்கள். அருங்காட்சியகப் பெட்டியில் அந்தக் கல் பத்திரமாக இருந்ததால்தான் இது முடிந்தது. படிவங்களைப் பாதுகாக்கவும் வகைப்படுத்தத் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆகும் செலவைத்தான் எங்கும் முதலில் வெட்டுகிறார்கள், அது பெரிய தவறு.

அப்புறம், வகைப்பாட்டில் ஒரு சிக்கல். தளர்ந்த மூடி, 13 கணுக்கள் கொண்ட உணர்கொம்பு (இன்றைய வண்டுகளுக்குப் பொதுவாக 11), உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டையிடும் குழல், இவையெல்லாம் மூதாதையரிடமிருந்து அப்படியே வந்த பழைய பண்புகள். பழைய பண்பு இருவரிடம் மிஞ்சியிருப்பதால் மட்டும் இருவரும் நெருங்கிய உறவு ஆகிவிட மாட்டார்கள், எல்லோரிடமும் ஒரு காலத்தில் இருந்ததுதானே அது. அதனால் வண்டுகளின் வம்ச மரத்தில் இந்தக் குடும்பம் தனி ஒரு கிளை அல்ல, பின்னால் வந்த கிளைகள் பிரிந்த அடிமரத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. ஜெர்மனியில் கிடைத்த, 29 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான கோலியாப்சிஸ் என்ற வண்டை 2014-ல் இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதற்கென்று தனிக் குடும்பம் ஏற்படுத்தி வெளியே எடுத்துவிட்டார்கள்.