கடுகு டப்பாவில் மாத்திரை

“டப்பா குலுங்குதுங்க மேடம். பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா இப்படிச் சொன்னார். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா, வாந்தி வருகிறதா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். டப்பா குலுங்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர் போன பிறகு நானே ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் முப்பது மாத்திரை, கிலுகிலுப்பையேதான்.

அவருக்கு வழி சொன்னது நான் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், அவரும் பத்து வருஷமாக மருந்து எடுப்பவர், “மூடியத் திறந்து கொஞ்சம் பஞ்ச வெச்சு அடைச்சிருங்கக்கா. வீட்டுக்குப் போனதும் எடுத்துருங்க, ஈரம் இழுக்கும்” என்றார். ஆதரவுச் சேவை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பஞ்சுதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிய வந்தது. அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய சில இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இடைப்பட்ட பதினெட்டு வருஷமும் எப்படிப் போயிருக்கும் என்று பழைய ஆட்களைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இலவச மருந்து வந்த பிறகும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை, தொற்று உறுதியானாலே மருந்து. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. இதைச் சொல்லும்போது கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் அது.

மருந்து இருக்கிறது, அதற்குக் காசும் கொடுக்க வேண்டாம். பிறகு ஏன் பாதியில் விடுகிறார்கள்? மறைத்து வைக்க இடமில்லாமல் விடுகிறார்கள். கூட்டுக் குடும்பத்து மருமகள் ஒருத்தி டப்பாவின் லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரைகளைக் கடுகு டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள். கடுகில் யாரும் கையை ஆழமாக விடமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது மாமியார் அந்த டப்பாவைக் கவிழ்த்தார். சத்து மாத்திரை என்று சொல்லித் தப்பித்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் மையத்துப் பக்கமே வரவில்லை. எங்கள் பதிவேட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு ‘எல்.எஃப்.யூ.’ என்று பெயர். தொடர்பு விட்டுப்போனவர் என்று பொருள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. தொடர்பை விட்டது அவர் மட்டும்தானா?

அவளைத் திரும்பக் கூட்டி வந்தவர் எங்கள் களப்பணியாளர். அவரும் தொற்றோடு வாழ்பவர். பைக்கை இரண்டு தெரு தள்ளி மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். கழுத்தில் அடையாள அட்டை தொங்காது, பையில் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் இருக்காது. முதல் நாள் பதிவின்போதே எல்லாரிடமும் ஒன்று கேட்டு வைத்திருப்பார்: “உங்க வீட்டுக்கு வந்தா நான் யாருன்னு சொல்லட்டும்ங்க?” வரவே வேண்டாம் என்று சொன்னால் போகமாட்டார். மற்றபடி ஒரு வீட்டில் அவர் சீட்டுக்காரர், இன்னொரு வீட்டில் எல்.ஐ.சி. அண்ணன், வேறொரு வீட்டில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன். போனில் “சீட்டுப் பணம் கட்டுற தேதி வந்துருச்சு” என்றால் மாத்திரை தீரப்போகிறது என்று அர்த்தம்.

அவள் வந்தாள். படம், அட்டை எல்லாம் காட்டி நாற்பது நிமிஷம் பேசினேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் களப்பணியாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஓரம் நைந்த பச்சைப் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மாதா மாதம் மருந்து வாங்கியது பதிவாகும் புத்தகம் அது. “2011லேருந்து இருக்கு கண்ணு, புரட்டிப் பாரு.” ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்து, “உங்களுக்குக் கொழந்தைங்க இருக்காங்களாண்ணா?” என்று கேட்டாள்.

இப்படி ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பதற்கு இங்கே பழைய வேர் உண்டு. தொற்றோடு வாழ்பவர்களின் இந்திய கூட்டமைப்பு 1997இல் சென்னையில்தான் தொடங்கியது. அடுத்த வருஷமே பெண்களுக்கென்று தனி அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்ற கௌசல்யா நாமக்கல் பக்கத்துக்காரர். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசுவதற்கு அன்று என்ன துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! இன்று மாவட்டங்களிலும் இத்தகைய அமைப்புகள் இயங்குகின்றன. ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். களப்பணியாளர்களுக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்லக் கூசும் தொகை. திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுகிறார், அவர் போனில் இருந்த நூறு பேரின் நம்பிக்கையும் கூடவே போய்விடுகிறது. புதிதாக வருபவர் மறுபடி ‘சீட்டுக்காரர்’ ஆக ஒரு வருஷம் பிடிக்கும்.

எல்லாருக்கும் குழு ஒத்துவராது என்பதும் உண்மை. சின்ன ஊரில் அந்தக் கூட்டத்துக்குப் போவதே ஊருக்குச் சொன்ன மாதிரி. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. தனியாகப் பேச 1097 என்ற இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்லத் தேவையில்லை. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம். தூரம் பிரச்சினை என்றால் வீட்டுக்குப் பக்கத்து இணைப்பு மையத்தில் மருந்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதங்களுக்குச் சேர்த்தே தருவதுண்டு, அதையும் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு நீங்கள் தகுதியானவர். சொத்து, வீடு என்று வழக்கு வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கேட்காமல் இவற்றையெல்லாம் யாரும் எடுத்து நீட்டமாட்டார்கள், நெரிசலில் நாங்களே மறந்துபோவதுண்டு.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017இல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது, இதைக் காரணமாக வைத்து வேலையை விட்டோ பள்ளியை விட்டோ அனுப்பக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு மருத்துவமனையில், பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்ணின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் பெரிதாக வட்டம் போட்டுக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வட்டம் தெரியுமே! “எம் மருமக சீட்டுல மட்டும் ஏன் செவப்பு?” என்று வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ச் சண்டை போட்ட பிறகு தாளை மாற்றினார்கள். புகார் அலுவலர் யார் என்று அங்கே கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறப்பிலேயே தொற்றோடு வந்த பிள்ளைகள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். போன மாதம் ஒரு பையன் வந்தான், ஐந்து வயதில் பாட்டி இடுப்பில் உட்கார்ந்து மருந்து வாங்க வந்தவன். பெங்களூருவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்குள்ள மையத்துக்கு மாற்றல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். “மேடம், ரூம்ல நாலு பேரு. மாத்திரைய எங்க வெக்கிறது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெளியே நின்ற களப்பணியாளரைக் கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறானாம், இதே மருந்துதான். அவனிடம் கேட்டுக்கொண்டு நம்பரைத் தந்தார். தம்பி அதைத் தன் போனில் ‘மெஸ்’ என்று பதிந்துகொண்டு கிளம்பினான்.