ஆறு வாய் மூடிக்கொள்ளும் மாதம்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வடக்கே, ஊரூர் குப்பத்தைத் தாண்டி மணலிலேயே நடந்தால், பாதியில் அறுந்து நிற்கும் பாலம் வரும். புரோக்கன் பிரிட்ஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1967-ல் கட்டியது, 1977-ல் இடிந்தது. மேலே ஏற வேண்டாம். பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது. அடையாறு கடலில் கலக்கும் இடம் அது. ஆனால் பங்குனியில் ஒரு சாயங்காலம் நான் போனபோது ஆறு கடலில் கலக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மணல்திட்டு ஒன்று முளைத்திருந்தது. பையன்கள் அதில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "தெண்டி வந்தாச்சு தம்பி, இனிமே வாய் அடைச்சுக்கும்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

இந்தக் கரையின் மீனவர்களுக்குத் தெண்டி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் அது வன்னி. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் வன்னி, மற்ற மாதங்களில் பெரும்பாலும் தெண்டி. ஆற்றின் வாயை அடைக்கும் மணலைக் கொண்டுவருவது இந்த ஓட்டம்தான். ஓட்டத்துக்குக் கைகொடுப்பது அலை.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்தே வரும். சாய்வாக மேலேறும்போது மணலையும் சாய்வாகத் தூக்கிப் போகிறது. திரும்பும்போது சரிவில் நேராகக் கீழிறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல் துகள் ரம்பப் பல் போல ஏறி இறங்கி, கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கும். நாள் முழுக்க, வருஷம் முழுக்க இதே வேலை. இரு திசைகளையும் கழித்துப் பார்த்தால் சென்னைக் கரையில் மணல் மொத்தத்தில் வடக்கு நோக்கித்தான் போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும், அதன் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது; மணல் வராமல் போன ராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்தது.

சரி, மணல் ஓயாமல் வருகிறது. அப்படியானால் ஆற்றின் வாய் எப்படி எப்போதாவது திறந்திருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோடையில் அடையாற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஓட்டம் கிடையாது. வாயைத் திறந்து வைப்பது கடலின் ஏற்றவற்றம். ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது தண்ணீர் உள்ளே போகும், இறங்கும்போது வெளியே வரும். ஒரு கணக்குப் போடுவோம். கழிமுகத்தின் நீர்ப்பரப்பு 1 சதுர கிலோமீட்டர், ஏற்றம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் தண்ணீர் 5 லட்சம் கன மீட்டர். சுமார் ஆறு மணி நேரத்தில் இது வெளியேற வேண்டும் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 800 கனஅடி. வாய் 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் இருந்தால் சராசரி வேகம் வினாடிக்கு முக்கால் மீட்டர்; உச்சத்தில் 1 மீட்டரைத் தாண்டும். நாம் நிதானமாக நடக்கிற வேகம் அது. உள்ளே வந்து விழும் மணலைத் திரும்ப வாரிக் கொட்ட அவ்வளவு போதும்.

இப்போது மணல் சேர்ந்து வாய் குறுகுகிறது. உடனே அடைத்துக்கொள்ளுமா? இல்லை. தண்ணீர்க் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள், பீய்ச்சி அடிக்கும். அதேபோல, குறுகிய வாயில் ஓட்டம் வேகமெடுத்து, அடைத்த மணலைத் தானே அரித்துவிடும். ஆனால் விரலை இன்னும் அழுத்தினால் ஒரு கட்டத்தில் பீய்ச்சல் போய்ச் சொட்டத் தொடங்குகிறதே, அதுவும் இங்கே நடக்கும். ஆழம் குறையக் குறைய அடித்தரையின் உராய்வு தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது. கடல் ஏறி முடிப்பதற்குள் உள்ளே நிரம்புவதில்லை. உள்ளே போனது குறைந்தால் வெளியே வருவதும் குறையும், வேகமும் குறையும், மணல் தங்கும், வாய் இன்னும் குறுகும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மூடல் தன்னைத்தானே விரட்டிக்கொண்டு போகும். எஸ்காஃபியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-ல் இதை ஒரே வளைகோட்டில் வரைந்து காட்டினார். சில மாதம் தாக்குப்பிடித்த வாய் சட்டென்று அடைத்துக்கொள்வது ஏன் என்று அந்தக் கோட்டைப் பார்த்தால் புரியும். பொக்லைன் வைத்து வெட்டிவிட்டாலும் ஏன் மறுபடி தூர்கிறது என்பதும் புரியும். உள்ளே பரப்பு சுருங்கிக் கிடக்கும்போது வெளியே எவ்வளவு வெட்டினாலும் தண்ணீருக்குப் பலம் வராது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் அடையாற்றில் வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். நம் 800-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாய் மூடிய மாதங்களில் மூக்குதான் முதலில் சொல்லும். நகரத்துக் கழிவு உள்ளேயே நிற்கிறது, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகு வேறொரு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. அதைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். சேறு கறுத்திருப்பதும் அந்தக் கந்தகம் இரும்போடு சேர்வதால்.

வாய் திறந்திருந்தால் அதே சேறு விருந்து. கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் மண் திரண்டு அடியில் படியும். கடலுப்பு ஆற்று நீரில் செய்வதும் இதைத்தான். களிமண் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதந்து வருகின்றன. உப்பு அந்த விலகலைக் கெடுக்க, ஒட்டிக்கொண்டு மூழ்குகின்றன. அதனால்தான் ஆறு சுமந்துவந்த வண்டல் கழிமுகத்திலேயே சேற்றுப்படுகையாகிறது. அதில் புழுவும் நண்டும், அதைத் தேடி உள்ளானும் நாரையும். ஒவ்வொரு பறவையின் அலகும் வேறு நீளம், ஆகவே ஒவ்வொன்றும் வேறு ஆழத்தில் கிளறும். சண்டை அவ்வளவாக இல்லை.

சற்று உள்ளே, 2011-ல் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா பக்கம் போனால் கண்டல் செடிகளைப் பார்க்கலாம். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட, ஈட்டி ஈட்டியாக வேர்களை மேலே நீட்டியிருக்கும். வெண்கண்டல் உள்ளே புகுந்த உப்பை இலை வழியே கசிய விடுகிறது, நக்கினால் கரிக்கும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது நக்கிப் பார்த்திருக்கிறேன். அடையாற்றில் வேண்டாம்.

படகு வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காடு. கால் போதுமென்றால் புரோக்கன் பிரிட்ஜ், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில். வாய் திறந்திருக்கும்போது ஏற்றம் முடிகிற நேரம் பார்த்துக் கரையில் நின்று, ஒரு சருகைத் தண்ணீரில் போடுங்கள். கடல் இறங்கத் தொடங்கியிருக்கும், ஈர மணல் கோடு அதைக் காட்டும். சருகு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே போய்க்கொண்டிருக்கும். உள்ளே இன்னும் நிரம்பவில்லை.