வரிக்குள் ஒரு விசை: கணினிக் குறிகளுக்கான எழுத்துரு எப்படி வேலை செய்கிறது

கணினியைப் பற்றி எழுதுகிறவர் யாராக இருந்தாலும் இந்த வாக்கியத்தை எழுதியே ஆக வேண்டும்: "ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டவும்." படிப்பவரின் கண் உடனே விசைப்பலகைக்குப் போகும். அங்கே அவர் தேடுவது விசையின் மேல் அச்சிட்ட வடிவத்தை. அந்த வடிவமே வரிக்குள் இருந்தால் கண்ணுக்கு வேலை பாதியாகும்.

படமாக ஒட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் படம் கூடவே சரியாக வளராது. கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் வெள்ளைக் கட்டமாகத் துருத்தும். அச்சில் ஓரங்கள் கரடுமுரடாகும். எழுத்தைப் போலவே நடந்துகொள்ளும் படம்தான் வேண்டும். குறியீட்டு எழுத்துரு அதற்காகத்தான்.

எழுத்துருக் கோப்புக்குள் பல அட்டவணைகள் இருக்கும். நமக்கு முதலில் இரண்டு போதும். ஒன்றில் வடிவங்கள். ஒரு சதுரத்தைப் பக்கத்துக்கு 1000 அல்லது 2048 அலகுகளாகப் பிரித்து, கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது என்று எண்களாக எழுதி வைத்திருப்பார்கள். எண்கள் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. இரண்டாவது அட்டவணை, எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்று சொல்கிறது. கணினி சேமித்து வைப்பது 'அ'வின் உருவத்தை அல்ல, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு அதற்குத் தந்த 2949 என்ற எண்ணை. அந்த எண்ணுக்கு இந்த எழுத்துருவில் வடிவம் இல்லையென்றால் வேறு எழுத்துருக்களில் தேடும். எங்குமே கிடைக்காவிட்டால் காலிக் கட்டம் வரும். எழுத்துரு வட்டாரத்தில் அதை 'டோஃபு' என்பார்கள்.

அப்படியென்றால் ஒரு குறியை எந்த எண்ணில் குடிவைப்பது? எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில்தான்.

பழைய வழி, ஆங்கில எழுத்தின் இடத்தில் குறியை உட்கார வைப்பது. 1990களில் பரவிய விங்டிங்ஸ் எழுத்துரு இப்படித்தான் இயங்கியது. அதில் 'ஜே' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தின் இடத்தில் சிரித்த முகம் இருந்தது. அனுப்பியவர் சிரித்த முகம் போட்டிருப்பார். அந்த எழுத்துரு வேலை செய்யாத இடத்தில் மின்னஞ்சலைத் திறந்தவருக்கு வாக்கியத்தின் கடைசியில் காரணமில்லாமல் ஒரு 'ஜே' நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. எழுத்துரு மாறியதும் அம்மாவும் அப்பாவும் ஆங்கில எழுத்துக் குவியலான அதே கதைதான்.

இப்போது பல குறிகளுக்கு யூனிகோடிலேயே சொந்த எண் உண்டு. விசைப்பலகைப் படத்துக்கு 9000. பேக்ஸ்பேஸ் விசையில் காணும், இடப்பக்கம் கூர்முனையும் உள்ளே பெருக்கல் குறியும் கொண்ட கட்டத்துக்கு 9003. மேக் கணினியின் கமாண்ட் விசைக் குறிக்கு 8984; இதன் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷுக்காக வேலை செய்தபோது, மெனுவெங்கும் ஆப்பிள் சின்னம் நிறைவதை ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பவில்லை. மாற்றுக்குறி தேடிய வடிவமைப்பாளர் சூசன் கேர், குறியீட்டு அகராதி ஒன்றில் நான்கு மூலையிலும் கண்ணிபோட்ட சதுரத்தைக் கண்டெடுத்தார். சுவீடனில் 'பார்க்க வேண்டிய இடம்' என்று காட்டும் பலகைக்குறி அது. யூனிகோடில் இன்றும் அதன் பெயர் அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

மின்பொத்தான் குறியோ வெகுகாலம் காத்திருந்தது. உடைந்த வட்டத்தில் நிமிர்ந்த கோடு, கிட்டத்தட்ட எல்லா மின்கருவியிலும் இருப்பது, 2016இல் வந்த யூனிகோடு 9.0இல்தான் எண் பெற்றது: 9211. அதுவரை கையேடு எழுதியவர்கள் படத்தைத்தான் ஒட்டினார்கள்.

நிறுவனச் சின்னங்களை யூனிகோடு சேர்ப்பதில்லை. அதனால் விண்டோஸ் விசையின் சின்னத்துக்கு அங்கே இடமில்லை. இத்தகையவற்றுக்காக 57344 முதல் 63743 வரை 6400 எண்களைத் தனிப்பயனுக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்துரு செய்பவர் அங்கே எதையும் வைக்கலாம். ஆப்பிள் தன் சின்னத்தைக் கடைசி எண்ணில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு உலகப் பொதுவான பொருள் ஏதும் கிடையாது. எழுத்துருவைப் பிரித்துவிட்டால் உரையில் மிஞ்சுவது டோஃபுதான். தேடினாலும் அகப்படாது, பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானாலும் சொல்ல முடியாது.

சரி, வேறு வழி? நம் க்ஷ-வைப் பாருங்கள். கணினிக்குள் அது க, புள்ளி, ஷ என்று மூன்று எண்கள். எழுத்துருவில் உள்ள மற்றோர் அட்டவணை, இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் ஒரே வடிவத்தைக் காட்டு என்கிறது. இதே விதியில் 'ஷிஃப்ட்' என்ற சொல் முழுவதற்கும் விசைப்படத்தைக் காட்டச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரிவது விசை. கோப்பில் இருப்பது சொல். நகலெடுத்தால் சொல் வரும், தேடினால் கிடைக்கும், பார்வையற்றவருக்கு ஒலிக்கும். எழுத்துரு ஏற்றப்படாவிட்டாலும் வாக்கியம் உடையாது. கணினி பற்றி எழுத இதைவிட நேர்மையான முறை இல்லை என்பது என் எண்ணம். சாதாரணமாக எழுதும் 'ஷிஃப்ட்' என்ற சொல்லும் தவறாக விசைப்படமாக மாறிவிடக் கூடாது என்பதால், முன்னும் பின்னும் அடைப்புக்குறி இருந்தால் மட்டும் மாற்று என்று விதியை இறுக்கலாம்.

அந்த அடைப்புக்குறிகளுக்கே இன்னொரு வேலையும் தரலாம். இடது அடைப்பு விசையின் இடது ஓரமாகவும், வலது அடைப்பு வலது ஓரமாகவும் மாறும். நடுவில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் மேலும் கீழும் கோடு போட்ட மாற்று வடிவம் வரும். துண்டுகளின் விளிம்புகள் சரியாகத் தொட்டுக்கொண்டால் எந்தச் சொல்லையும் சுற்றி ஒரு விசைக்கட்டம் எழும்பும். இங்கே கவனம் உயரத்தில் வேண்டும். கட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளிலிருந்து விலகி நிற்கும்.

அப்புறம் உரிமம். இலவசமாகக் கிடைப்பது மட்டும் போதாது. பல கட்டற்ற எழுத்துருக்கள், எஸ்ஐஎல் என்ற அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின் 2007ஆம் ஆண்டின் 1.1 பதிப்பில் வருகின்றன. ஆவணத்தில் பதிக்கலாம், திருத்தலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. திருத்தியதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மூலப்பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் அனுமதியின்றி அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. குறிகளைப் பொறுத்தவரை திருத்தும் உரிமைக்குத்தான் மதிப்பு அதிகம். புதுக் கணினியில் புது விசை வரும்போது, எழுத்துருவை முதலில் செய்தவரை எதிர்பார்க்காமல், கையேடு எழுதுகிறவரே அந்த ஒரு வடிவத்தை வரைந்து சேர்த்துக்கொள்ளலாம்.