எந்தச் சாலையைத் தனியாரிடம் கொடுக்கலாம்?

2005 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு சுரங்கச் சாலையைத் திறந்தார்கள். பெயர் கிராஸ் சிட்டி டனல். நீளம் 2 கிலோமீட்டர் சொச்சம். நகரத்தின் நெரிசலான நடுப்பகுதிக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடலாம். போட்டது தனியார் பணம். தினமும் 90,000 வண்டி போல வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 30,000 பக்கம்தான். சில வாரங்களுக்குச் சுங்கமே வேண்டாம், சும்மா போங்கள் என்று விட்டும் பார்த்தார்கள், அப்போதும் 90,000 வரவில்லை. 2006 டிசம்பரில் கடன் கொடுத்தவர்கள் அந்த நிறுவனத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள்.

சுரங்கத்தில் ஒரு கோளாறும் இல்லை, வண்டிகள் இன்றைக்கும் அதில்தான் ஓடுகின்றன. சாலையாக அது பாஸ், அரசு-தனியார் கூட்டுத் திட்டமாகத்தான் ஃபெயில். ஒரு நெடுஞ்சாலை தேவையா என்று பார்ப்பது ஒரு வேலை. தேவைதான் என்றான பிறகு, அதைத் தனியாரோடு சேர்ந்து செய்யலாமா, வழக்கம்போல டெண்டர் விட்டு அரசே கட்டிக்கொள்ளலாமா என்று சலிப்பது இன்னொரு வேலை. பல அரசுகள் சறுக்குவது இந்த இரண்டாவது சல்லடையில்.

சறுக்குவதற்கு முதல் காரணம், ‘கஜானாவில் பணம் இல்லை, தனியார் போடட்டும்’ என்ற நினைப்பு. தனியார் போடுகிற பணம் தானமில்லை, வட்டியோடும் லாபத்தோடும் திரும்பி வந்தாக வேண்டும். அதைக் கொடுக்க உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு: சாலையில் போகிறவர், வரி கட்டுகிறவர். போர்ச்சுகல் 1990களின் கடைசியில் ‘ஓட்டுநர் ஒன்றும் கட்ட வேண்டாம், ஓடுகிற வண்டிக்குத் தகுந்தபடி அரசே நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும்’ என்ற ஏற்பாட்டில் வரிசையாகச் சாலைகளைப் போட்டது. பில் வர ஆரம்பித்ததும் பட்ஜெட் திணறியது, 2010-ல் அதே சாலைகளில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள்.

அதோடு, அரசுக்குக் கிடைக்கிற வட்டிக்குத் தனியாருக்குக் கடன் கிடைப்பதில்லை, பொதுவாகக் கூடுதலாகத்தான் இருக்கும். அப்படியானால் கூட்டுத் திட்டம் எப்போதுமே நஷ்டம்தானே? அப்படியும் இல்லை. சில ரிஸ்க்குகளை அரசைவிடத் தனியார் மலிவாகச் சமாளிப்பார். அதில் மிச்சமாகிற பணம் அந்தக் கூடுதல் வட்டியைத் தாண்ட வேண்டும், தேர்வின் அடிப்படைக் கணக்கு அவ்வளவுதான். எந்தெந்த ரிஸ்க் அப்படிப்பட்டது என்று பிரிப்பதில்தான் சிக்கல்.

பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரருக்குத் தார் அடுக்கு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் நல்லதோ அவ்வளவு நல்லது. அதே ஆள்தான் 25 வருடம் அந்தச் சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் முதலிலேயே கனமாகப் போடுவார், வடிகாலை ஒழுங்காக வெட்டுவார், ஏனென்றால் நாளைக்குப் பள்ளம் விழுந்தால் செலவு அவருடையது. இது நிஜமான ஆதாயம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை இரண்டு வருடம் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சில் ஏறும் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் சாலையின் சேதம் கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. அதாவது 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் சேதம் 20 சதவீதம் கூடாது, இரண்டு மடங்காகிவிடும். லாரியை நிறுத்தி எடைபோட்டு அபராதம் விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அரசிடம். அந்த அமலாக்கம் ஓட்டையாக இருக்கிற தடத்தில் பராமரிப்பு ரிஸ்க்கைத் தனியார் தலையில் கட்டினால், அவர் அதற்கும் சேர்த்து விலை வைப்பார். யார் கையில் கடிவாளமோ அவர் கையில் ரிஸ்க், இதுதான் விதி.

நிலமும் அனுமதியும் அரசின் கையில் இருப்பவை, அவை கைக்கு வராமல் ஒரு திட்டத்தைக் கூட்டுக்கு அனுப்பவே கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரூட் 460 என்று ஒரு புதிய நெடுஞ்சாலை, சுமார் 55 மைல். ஈரநிலங்கள் வழியாகப் போக வேண்டியிருந்தது, அதற்கான கூட்டாட்சி (மத்திய) அரசின் அனுமதி கிடைக்கும் முன்பே 2012 கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். அனுமதி வரவில்லை. ஒரு மண்வெட்டி கூட மண்ணில் இறங்காமலே மாநிலம் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2015-ல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

சரி, இதெல்லாம் கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய விஷயங்கள். எத்தனை வண்டி வரும் என்பது அப்படியில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். சாலையோரத்தில் சில நாள் உட்கார்ந்து கார், பஸ், லாரி என்று ரகம் பிரித்து எண்ணுவார்கள், சில வண்டிகளை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்பார்கள். அதுவரை திடமான தரை. அதற்குப் பிறகு எல்லாம் அனுமானம். இதில் முக்கியமானது, மக்கள் தங்கள் நேரத்துக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பது. சொந்த வேலையாகப் போகிறவர் தன் ஒரு மணி நேரத்துக்கு, தான் சம்பாதிப்பதில் பாதி போல விலை வைக்கிறார் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. புதிய சாலை 20 நிமிடம் மிச்சம் பிடிக்கிறது என்றால் அவருக்கு அதன் மதிப்பு ஒரு மணி நேரச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. சுங்கம் அதைத் தாண்டினால் அவர் பக்கத்தில் இருக்கிற பழைய சாலையிலேயே போய்க்கொள்வார். அந்தப் ‘பாதி’ என்பதை யாராவது ‘முக்கால்’ என்று கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டால், காகிதத்தில் மட்டும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

அடுத்தது வளர்ச்சி விகிதம். தினமும் 10,000 வண்டி ஓடுகிற தடம், வருடத்துக்கு 5 சதவீதம் கூடினால் 20 வருடத்தில் 26,500 ஆகும். 3 சதவீதம்தான் என்றால் 18,000. மேஜையில் உட்கார்ந்து 3-ஐ அழித்து 5 என்று எழுத எத்தனை விநாடி ஆகும்?

பென்ட் ஃப்ளூவ்பியர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2005-ல் 183 சாலைத் திட்டங்களின் கணிப்பை நிஜத்தோடு ஒப்பிட்டார்கள். பாதித் திட்டங்களில் கணிப்பு 20 சதவீதத்துக்கு மேல் தவறியிருந்தது, கூடவோ குறையவோ. இதைக் கடன் கணக்கோடு சேர்த்து வையுங்கள். தவணைக்குத் தேவையானதைப் போல 1.3 மடங்கு நிகர வருமானம் வரும் என்று காட்டினால் வங்கி ஓரளவு நிம்மதியாகக் கடன் தரும் என்று வைத்துக்கொள்வோம். நிகர வருமானம் 23 சதவீதம் சரிந்தாலே அந்த மிச்சம் முழுக்கக் கரைந்துவிடும். சாலையைப் பராமரிக்கும் செலவு வண்டி குறைந்ததற்காகக் குறையாது என்பதால், வண்டி அதைவிடக் குறைவாகச் சரிந்தாலே போதும். இந்தச் சரிவைத் தாங்காத திட்டத்தை அரசு எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம், அதற்கு ஆலோசகர் அறிக்கை தேவையில்லை.

ஏலம் இந்தத் தவறைத் திருத்தும் என்று நினைப்போம். பல நேரம் பெருக்கத்தான் செய்கிறது. ஐந்து பேர் ஏலம் கேட்டால், ஐந்து பேரும் வண்டிகளை ஐந்து விதமாகக் கணித்திருப்பார்கள். அதில் அதிகமாக மிகைப்படுத்திய ஆள்தான் அரசுக்கு அதிகப் பணம் தருவதாகச் சொல்லி ஜெயிப்பார். சிட்னி சுரங்கத்திலும் அரசுக்கு முன்பணமாகச் சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் வந்தது. மெக்சிகோ 1989-க்குப் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிச் சாலை போட்டபோது, குறைந்த வருடத்தில் சாலையைத் திருப்பிக் கொடுப்பவருக்கே ஒப்பந்தம் என்றார்கள். குறைந்த வருடத்தில் பணம் எடுக்க வேண்டுமென்றால் சுங்கம் எகிறும், லாரிக்காரர்கள் பழைய சாலையிலேயே போய்விட்டார்கள். பிறகு 1994 பணமதிப்பு நெருக்கடியும் வந்து சேர, 1997-ல் 52 ஒப்பந்தங்களில் 23-ஐ அரசே எடுத்துக்கொண்டு கடனைச் சுமந்தது.

இதற்குச் சிலி நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை வருடம் என்று கேட்காதே, மொத்தம் எவ்வளவு வசூல் வேண்டும் என்று கேள், இன்றைய மதிப்பில். குறைவாகக் கேட்பவருக்கு ஒப்பந்தம். அந்தத் தொகை சேர்ந்த அன்றைக்கு, சுங்கம் வசூலிக்கும் உரிமக் காலம் முடியும். வண்டி குறைந்தால் காலம் தானாக நீளும், கூடினால் சுருங்கும், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சாண்டியாகோவையும் வால்பரைசோ, வீன்யா டெல் மார் நகரங்களையும் இணைக்கும் ரூட்டா 68-ஐ 1998-ல் இப்படித்தான் ஏலம் விட்டார்கள். அது முன்பே வண்டிகள் ஓடிய தடம், அதனால் எண்ண ஏதோ இருந்தது. புதிதாகக் காட்டைக் கீறிப் போடுகிற சாலையைவிட, ஏற்கெனவே நெரிசலில் திணறும் சாலையை அகலப்படுத்துவது கூட்டுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதனால்தான்.

இன்னொரு இடத்திலும் கணக்கு சத்தமில்லாமல் சாயும். அரசே கட்டினால் செலவு இப்போதே, தனியார் வழியென்றால் பல வருடங்களில் சிறுகச் சிறுக. இரண்டையும் ஒப்பிட எதிர்காலப் பணத்தை, வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று குறைக்கும் ஒரு தள்ளுபடி விகிதம் போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். 20 வருடம் கழித்துக் கொடுக்கும் 100-க்கு 6 சதவீதம் போட்டால் இன்றைய மதிப்பு 31, 3.5 சதவீதம் போட்டால் 50. பிரிட்டனின் நிதித்துறை 2003-ல் இந்த விகிதத்தை 6-லிருந்து 3.5 ஆக்கியது. சாலை அதே சாலை, ஒப்பந்தமும் அதே ஒப்பந்தம், தள்ளிப்போட்ட செலவு மட்டும் ஒரே நாளில் கனத்துப்போனது.

கடைசியாக, பக்கத்துச் சாலை. கலிபோர்னியாவில் ஸ்டேட் ரூட் 91 என்ற நெரிசலான நெடுஞ்சாலையின் நடுவில் 1995-ல் தனியார் சுங்கப் பாதைகள் திறந்தன. வண்டி வந்தது, வசூலும் வந்தது. ஆனால் போட்டியாக இருக்கும் இலவசப் பாதைகளை அரசு மேம்படுத்தாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, நெரிசலில் மாட்டிக்கொண்ட மக்கள் அந்த வரியைப் பற்றித் தெரிந்துகொண்டபோது கொதித்துப்போனார்கள். 2003-ல் ஆரஞ்ச் கவுண்டியின் போக்குவரத்து ஆணையம் 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பாதைகளையே வாங்கியது. அப்புறம்தான் பக்கத்து இலவசப் பாதையில் கை வைக்க முடிந்தது.