வேல் தெளிவு, விழி மங்கல்

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு நம் மொரிஷியஸின் ரோஸ் ஹில் வாசகி ஒருவர் ஒரு படத்தை அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார். காவடி எடுத்தவர் கோயில் மண்டபத்துக்குள் நுழைகிறார், நாக்கில் வெள்ளி வேல். 50 மி.மீ. எஃப் 1.2 மேனுவல் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லை, ஃபோக்கஸும் கையால்தான்), மிரர்லெஸ் கேமரா. "வியூஃபைண்டரில் வேலும் சிவப்பாக மின்னியது, கண்ணிமையும் மின்னியது. இரண்டும் ஃபோக்கஸில் இருப்பதாகத்தானே அர்த்தம்? கணினியில் பெரிதாக்கினால் வேல் மட்டும் கூர்மை, கண் மங்கல். விரதக்காரர் கண்ணைப் படம் பிடிக்க முருகன் விடமாட்டார் என்கிறார் என் அத்தை. கேமரா ஏன் பொய் சொல்கிறது?"

அத்தைக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். இதே லென்ஸை இதே தூரத்தில் ஒரு தேங்காய்மீது திருப்பினாலும் முன்பக்கம் தெளிந்து பின்பக்கம் மங்கும். தேங்காய்க்கும் கண் உண்டு. அதை மறைத்து முருகனுக்கு என்ன ஆகப்போகிறது?

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத்தூரத்தை, ஒளி நுழையும் திறப்பின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 50ஐ 1.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 மி.மீ. திறப்பு. கேமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸில் 50 மி.மீ.க்கு எஃப் 5.6 கிடைத்தால் திறப்பு 9 மி.மீ.தான். பரப்பில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். மங்கிய மண்டபத்தில் 1/10 நொடி தேவைப்படும் படத்தை 1/200 நொடியில் எடுத்துவிடலாம். இதற்கு விலையாகக் கொடுப்பது ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பது. அகலத் திறப்பிலிருந்து வரும் ஒளிக்கூம்பும் அகலம் என்பதால், குவியும் தளத்தை விட்டுச் சற்று விலகினாலே புள்ளி வட்டமாகிவிடும்.

கண்ணாடி வைத்த பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, ஏனென்றால் மங்கலே கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் ஃபோக்கஸ் திரைகள் வெளிச்சமாகத் தெரிவதற்காகவே செய்யப்பட்டவை. எஃப் 1.2 லென்ஸை மாட்டினாலும் கிட்டத்தட்ட எஃப் 2.8 லென்ஸின் ஆழத்தைத்தான் காட்டும். ஃபிலிம் காலத்துக் கேமராக்களில் நடுவில் ஒரு பிளவுப் பட்டகம் இருந்தது; கோடு இரண்டாக வெட்டித் தெரிந்தால் ஃபோக்கஸ் இல்லை, சேர்ந்தால் உண்டு. ஆட்டோஃபோக்கஸ் வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் படத்தைப் பதியும் சென்சாரே நமக்கும் காட்டுகிறது. கண்ணாடிக்கு விட்ட இடமும் மிச்சம்: லென்ஸ் பூட்டும் வாயான மவுன்டிலிருந்து ஃபிலிம் வரை நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ., சென்சார் வரை சோனி இ மவுன்டில் 18 மி.மீ. இடைவெளிக்கு ஒரு வளையத்தைப் போட்டால் தாத்தா காலத்து லென்ஸும் உட்காரும்.

இனி அந்தச் சிவப்புக்கு வருவோம். கூர்மையான விளிம்புகளுக்கு வியூஃபைண்டரில் வண்ணம் பூசிக் காட்டும் இந்த வசதிக்கு ஃபோக்கஸ் பீக்கிங் என்று பெயர்; எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்றுவித்தை. கேமராவுக்குத் தூரம் தெரியாது, கண் எது வேல் எது என்றும் தெரியாது. அது செய்வது கழித்தல் மட்டுமே.

கறுப்பு இமைக்கும் வெளிச்சமான தோலுக்கும் நடுவே ஓடும் ஒரு வரிசைப் பிக்சல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோக்கஸ் சரியாக இருந்தால் வெளிச்ச மதிப்புகள் இப்படி இருக்கும்: 20, 20, 20, 200, 200, 200. பக்கத்துப் பிக்சலிலிருந்து பக்கத்துப் பிக்சலைக் கழித்தால் 0, 0, 180, 0, 0. ஃபோக்கஸ் சற்று விலகினால் அதே விளிம்பு 20, 65, 110, 155, 200 என்று விரியும். கழித்தால் எங்கும் 45தான். கோர் தெ கார்த் மலைக்கோயிலின் படியையும், அதே உயரத்துக்கு ஏறும் சாய்தளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: ஏறும் உயரம் ஒன்றே, செங்குத்து வேறு. வித்தியாசம் 80ஐத் தாண்டினால் சிவப்புப் பூசு என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் போதும், படி சிவக்கும், சாய்தளம் சிவக்காது. 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபலும் கேரி ஃபெல்ட்மேனும் கணினிப் பார்வைக்காக முன்வைத்த விளிம்பு காணும் முறையின் உள்ளே இருப்பதும் இந்தக் கழித்தல்தான். அவர்கள் மேலும் கீழும் குறுக்கும் சேர்த்துக் கழித்தார்கள்.

அப்படியானால் மங்கிய இமை ஏன் சிவந்தது? கேமரா கழித்துப் பார்த்தது முழுப் படத்தை அல்ல, வியூஃபைண்டருக்காகச் சுருக்கிய படத்தை. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு வரிசைக்கு 6000 பிக்சல். பரவலாகக் காணும் 23.6 லட்சம் புள்ளி வியூஃபைண்டரில், ஒரு பிக்சலுக்கு மூன்று வண்ணப் புள்ளி போக, வரிசைக்கு 1024 பிக்சல்தான். ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. மேலே சொன்ன சாய்தளத்தில் ஆறு பிக்சலுக்கு ஒன்றைப் பொறுக்கிப் பாருங்கள். சரிவைத் தாண்டிக் குதித்தால் 20, 200; வித்தியாசம் 180. சரிவின் நடுவில் மிதித்தாலும் 20, 110, 200, வித்தியாசம் 90. வேறெங்கு மிதித்தாலும் ஏதோ ஒரு பக்கம் 135 வந்துவிடும். எல்லாமே 80ஐத் தாண்டுகின்றன. சுருக்கிய படத்தில் சாய்தளம் படியாகிவிட்டது! கேமரா தான் பார்த்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கைபேசியில் பார்த்தபோது உங்கள் படம் நன்றாகத் தெரிந்திருக்குமே, அதற்கும் இதுவே காரணம்.

இதைச் சென்டிமீட்டரில் சொல்லலாம். 50 மி.மீ. எஃப் 1.2, முழுச் சட்டக (ஃபிலிம் அளவு) சென்சார், ஆள் 2 மீட்டரில். மங்கல் வட்டம் வியூஃபைண்டரின் ஒரு பிக்சலுக்குள் அடங்கினால் போதும் என்றால் தெளிவின் ஆழம் சுமார் 13 செ.மீ. சென்சாரின் ஒரு பிக்சலுக்குள், அதாவது 0.006 மி.மீ.க்குள், அடங்க வேண்டும் என்றால் 2.3 செ.மீ. வேலுக்கும் விழிக்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டராவது இருக்கும். சிவப்புக்கு இரண்டும் உள்ளே, படத்துக்கு ஒன்று வெளியே.

சிவப்பின் வேறு குறும்புகளும் இதிலிருந்தே புரியும். கன்னம் முழு ஃபோக்கஸில் இருந்தாலும் சிவக்காது. வழவழப்பான தோலில் படி இல்லை. பின்னால் எரியும் மின்விளக்குச் சரம் மங்கிப் பெரிய வட்டங்களாகியிருக்கும், ஆனால் சில லென்ஸ்களில் அந்த வட்டத்தின் ஓரம் நறுக்கென்று இருப்பதால் அது சிவக்கும். இருட்டில் சென்சாரின் இரைச்சலும் சிவப்புத் தூளாகக் கொட்டும். ஆகவே பீக்கிங் அளவைக் குறைவில் வையுங்கள். பட பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால், குங்குமத்தோடும் பட்டோடும் சிவப்பு குழம்பாது. கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும்.

உண்மையான மருந்து உருப்பெருக்கப் பொத்தான். அதை அழுத்தினால் கேமரா சென்சாரின் ஒரு சிறு கட்டத்தை மட்டும் எடுத்துத் திரை முழுக்க விரிக்கிறது. சுருக்கல் இல்லாததால் சாய்தளம் சாய்தளமாகவே தெரியும். வேண்டிய கட்டத்தை மட்டும் தனியே வாசிக்கும் வசதி சிமாஸ் (CMOS) வகை சென்சாரின் கொடை. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழுவினர் விண்கலங்களுக்குச் சிறிய, மின்சாரம் அதிகம் தின்னாத கேமரா தேடியபோது உருவாக்கியது இன்றைய வகை. அரசுப் பணம், அதுவும் யாரும் செல்ஃபி எடுக்கக் கேட்காத காலத்தில். நம் தீவில் பிரா தோவில் இந்திய ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து வானொலித் தொலைநோக்கி எழுந்ததும் அதே பத்தாண்டில்தான். இப்படிப்பட்டவற்றுக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம் "இதனால் அரிசி விலை குறையுமா?" என்று கேட்பவர்கள், அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்யும் கைபேசியின் கேமராவை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நடந்து வருபவரை உருப்பெருக்கித் துரத்த முடியாது. காவடி நடை நொடிக்கு அரை மீட்டர் என்றே வைப்போம். கண் பார்த்து விரல் அழுத்த கால் நொடி; அதற்குள் அவர் 12 செ.மீ. நெருங்கிவிடுவார். வளையத்தைத் திருகிப் பிடிக்க நினைப்பது வீண். அவர் கடக்கப்போகும் தரையோடு ஒன்றில் அல்லது வாசல் தூணில் முன்னதாக ஃபோக்கஸ் வைத்து, வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் அங்கே வரும் சற்று முன்பே தொடர்ச்சியாகச் சுடுங்கள். நிற்பவராக இருந்தாலும் நம் உடலே ஓரிரு சென்டிமீட்டர் ஆடும், ஆழமோ இரண்டரைகூட இல்லை. திறப்பை எஃப் 2.8க்குச் சுருக்கினால் 5 செ.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கும், வேலும் விழியும் சேர்ந்து பிழைக்கலாம். ஒளி ஐந்து மடங்குக்கு மேல் குறையும். நானாக இருந்தால் எஃப் 1.2ஐ விடாமல் விழியில் வைத்து வேலை மங்க விடுவேன். அது என் ருசி.

உங்கள் கேமராவின் சிவப்பு எவ்வளவு தாராளம் என்று அறிய மேசையும் ஏதேனும் ரூபாய் நோட்டும் போதும். நம் நோட்டில்தான் தமிழ் எழுத்து இருக்கிறதே. அதை 45 பாகை சாய்த்து வைத்து, 70 செ.மீ. தள்ளி, முழுத் திறப்பில், "ரூபாய்" என்ற சொல்லில் உருப்பெருக்கி ஃபோக்கஸ் வையுங்கள். பிறகு உருப்பெருக்கத்தை நீக்கி, சிவந்த பட்டையின் அகலத்தைப் பாருங்கள். கணக்குப்படி அது நோட்டின்மேல் 2 செ.மீ.க்கு மேல் போகும். அப்படியே ஒரு படம் எடுத்து, அதைக் கணினியில் நூறு விழுக்காட்டில் திறந்தால் கூர்மையான பட்டை 4 மி.மீ. இருக்கும்.