மூலதனமா, முதலா?

ஒரு பண்டத்தை ஆக்குவதற்கு வேண்டிய நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு ஆகிய நான்கையும் உற்பத்திக் காரணிகள் என்று பொருளியல் பாடநூல்கள் வகுக்கின்றன. நிலம் என்பதில் ஆறும் கடலும் கனிமமும் அடங்கும் என்பதை மாணவர்கள் ஒருமுறை கேட்டாலே பற்றிக்கொள்வார்கள். உழைப்புக்கு விளக்கமே வேண்டியதில்லை. அவர்கள் இடறுவது மூலதனத்தில்தான். 'மூலதனம் என்றால் பணம்' என்ற விடை வகுப்பில் தவறாமல் வரும்.

மனிதரால் ஆக்கப்பட்டு, மேலும் ஆக்கத்துக்கே பயன்படும் பொருளைத்தான் பொருளியல் மூலதனம் என்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளரின் தறி மூலதனம். அதை வாங்கக் கொடுத்த பணம் எதையும் நெய்வதில்லை. ஒரே களத்து நெல்லில் உலைக்குப் போவது நுகர்பொருள், அடுத்த பருவத்துக்கென்று வைக்கோலால் கோட்டை கட்டி வைத்த விதைநெல் மூலதனம். பொருளின் தன்மையன்று, அதைப் பயன்படுத்தும் நோக்கமே இங்கு அளவுகோல்.

மூலதனம் வடசொல். மூலம் என்பது வேர், தனம் என்பது செல்வம். 'தனம்' என்ற பின்பாதியே மாணவரைப் பணத்தின் பக்கம் இழுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தின் 'கேப்பிட்டல்' தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கால்நடையைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்து, தொடக்கத்தில் உடைமை என்றே பொருள்பட்டது. தமிழிலும் 'மாடு' செல்வத்தைக் குறிக்கும். கல்வியே கேடில்லாத செல்வம் என்னும் குறள், "மாடல்ல மற்றை யவை" என்று முடிவதை நினைத்துப் பார்க்கலாம்.

மூலதனத்துக்கு நேரான தமிழ்ச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை; 'முதல்' இருக்கிறது. "முதலிலார்க்கு ஊதியமில்லை" என்கிறது 449ஆம் குறள். "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை" என்று தொடங்கி, அத்தகைய செயலில் அறிவுடையார் இறங்கார் என்கிறது 463ஆம் குறள். இவ்விரண்டிலும் முதல் என்பது பெருக்கத்துக்கு அடிப்படையாக நிற்பது, தின்று தீர்க்கக் கூடாதது. 'முதலுக்கே மோசம்' என்று இன்றும் நாம் சொல்வதில் அதே அச்சம் இருக்கிறது. கடன் பேச்சில் 'முதலும் வட்டியும்' என்னும்போது அது பணத்தையே குறிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கும் குறையாமல் திரும்ப வேண்டியது என்ற கருத்து மாறவில்லை.

முதலைப் பிடித்துக்கொண்டால் அதன் கிளைச்சொற்களும் தெளிவாகும். முதலை இடுவது முதலீடு. முதலை ஆள்பவர் முதலாளி. நெசவாளரிடம் ஏற்கெனவே உள்ள தறி முதல், இந்த ஆண்டு அவர் புதிதாக இன்னொரு தறி போடுவது முதலீடு. மூலதனத்துக்கும் முதலீட்டுக்கும் வேறுபாடு கேட்டால் குழம்பும் மாணவருக்கு இந்தச் சொற்பிரிப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

எனினும் 'முதல்' என்பதைத் தனியே கலைச்சொல்லாக வைப்பதில் ஓர் இடர் உண்டு. 'முதல் காரணி' என்று எழுதினால் வரிசையில் முதலாவதாகிய நிலமா, முதலாகிய காரணியா என்ற ஐயம் எழும். தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையுமே முதல் என்கிறது. ஆகவே தேர்வுத்தாளில் மூலதனம் என்றே எழுதட்டும். கரும்பலகையில் அதனருகே 'முதல்' என்று எழுதி, விதைநெல்லைக் காட்டி விளக்குவதே முறை.