துணைப் பெயர் வழங்கி: ‘செகண்டரி நேம் சர்வர்’ என்னும் சொல்லின் பொருளும் தமிழும்

ஆள்களப் பெயர் (டொமைன்) ஒன்றைப் பதிவு செய்பவரிடம் பதிவு நிறுவனம் பொதுவாக இரண்டு பெயர் வழங்கிகளையாவது, அதாவது அந்தப் பெயருக்குரிய ஐ.பி. முகவரியைக் கேட்பவருக்குச் சொல்லும் கணினிகளையாவது, கேட்கும். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த டி.என்.எஸ். என்னும் ஆள்களப் பெயர் முறையை 1987 நவம்பரில் திருத்தி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1034 என்னும் இணையத் தரநிலை ஆவணம், ஒவ்வொரு மண்டலத்தின், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள பெயர்த் தொகுதியின், தரவும் குறைந்தது இரண்டு வழங்கிகளில் கிடைக்க வேண்டும் என்று விதித்ததே இதற்கு அடிப்படை. நிர்வாகி தம் கையால் தரவைத் திருத்தும் வழங்கியை அந்த ஆவணம் ‘மாஸ்டர்’ அல்லது ‘பிரைமரி’ என்றும், அதனிடமிருந்து தரவைப் பெற்று வைத்துக்கொள்ளும் மற்றவற்றைச் ‘செகண்டரி’ என்றும் அழைக்கிறது. பின்னாளில் ‘செகண்டரி’ இருந்த இடத்தில் ‘ஸ்லேவ்’, அதாவது அடிமை, என்னும் சொல்லும் புழங்கியது. பெயர் வழங்கிகளில் இயங்கும் ‘பைண்ட்’ மென்பொருளின் அமைவுக் கோப்புகளில் அது நெடுங்காலம் இருந்தது. இன்று அதைத் தவிர்த்து, ‘செகண்டரி’ என்றே எழுதுகிறார்கள்.

‘செகண்டரி’யின் வேர் இலத்தீனின் ‘செகுந்துஸ்’. பின்தொடர்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குத் தொடர்ந்து வருவது என்பதே முதற்பொருள். வரிசையில் இரண்டாவது என்பதும் தரத்தில் தாழ்ந்தது என்பதும் பிறகு சேர்ந்தவை. டி.என்.எஸ். துறையில் பொருந்துவது அந்த முதற்பொருள்தான். செகண்டரி வழங்கி தரவில் பிரைமரியைப் பின்தொடர்கிறது. ஆனால் அது தரும் விடையின் அதிகாரம் ஒரு துளியும் குறைந்ததன்று. வினவ வரும் ரிசால்வருக்கு, அதாவது பயனருக்காக முகவரியைத் தேடும் மென்பொருளுக்கு, எது பிரைமரி, எது செகண்டரி என்ற வேறுபாடே தெரியாது. பெயர் வழங்கிகளின் பட்டியலில் உள்ள எதனிடமும் அது கேட்கும், எது சொன்னாலும் அதிகாரபூர்வ விடையாகவே ஏற்கும். பதிவு அலுவலகம் தரும் சான்றிட்ட நகலைப் போன்றது அந்த விடை. மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்றாலும் செல்லுபடியாவதில் குறைவில்லை.

ஆகவே ‘இரண்டாம் நிலைப் பெயர் வழங்கி’ என்னும் மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடானதன்று. நிலை என்றதுமே படிநிலை வந்துவிடுகிறது. ‘காப்புப் பெயர் வழங்கி’ என்பது இன்னும் தவறு. முதலாவது விழுந்த பிறகே இது எழும் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. உண்மையில் இரண்டும் எந்நேரமும் விடை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நான் பரிந்துரைப்பது ‘துணைப் பெயர் வழங்கி’. துணை ஆட்சியர் என்னும்போது அச்சொல்லில் பதவித் தாழ்வு தொனிப்பது மெய்தான். ஆனால் வழித்துணை என்னும்போதும், கடிதத்தின் தலைப்பில் ‘முருகன் துணை’ என்று எழுதும்போதும், உடன்வருதல் என்னும் பழம்பொருளே நிற்கிறது. இதற்கு இணையாகப் பிரைமரியை ‘மூலப் பெயர் வழங்கி’ எனலாம். தரவு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை ‘முதன்மை’யைவிட ‘மூலம்’ தெளிவாகச் சொல்கிறது. ‘வழங்கி’ என்ற இடத்தில் ‘சேவையகம்’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுமே புழக்கத்தில் வேரூன்றியவை.

துணை வழங்கியை நிறுவுவதில் எழுத வேண்டியது மிகக் குறைவு. பைண்ட் அமைவுக் கோப்பில் மண்டலத்தின் பெயர், அதன் வகை செகண்டரி என்பது, மூல வழங்கியின் ஐ.பி. முகவரி, நகலைச் சேமிக்கும் கோப்பின் பெயர் ஆகியவற்றைக் குறித்தால் போதும். மூல வழங்கியில் இந்தத் துணைக்கு மட்டும் மண்டலப் பெயர்ப்பை, அதாவது மண்டலத் தரவை நகலெடுத்து அனுப்புவதை, அனுமதிக்க வேண்டும். இரு வழங்கிகளும் மட்டும் அறிந்த ‘டி-சிக்’ என்னும் இரகசியத் திறவுகோலால் அதை உறுதிப்படுத்துவது நன்று. முழு மண்டலப் பெயர்ப்பு டி.சி.பி. என்னும் தரவுப் பரிமாற்ற நெறிமுறை வழியாகவே நடப்பதால், தீயரணில் டி.என்.எஸ்.ஸுக்குரிய 53-ஆம் எண் துறையை (போர்ட்) யு.டி.பி. என்னும் மற்றொரு நெறிமுறைக்கு மட்டும் திறந்துவிட்டு டி.சி.பி.யை மறந்தவர்களுக்கு, சாதாரண வினவல்கள் எல்லாம் சரியாக நடக்க, நகல் மட்டும் வந்து சேராது.

பின்தொடர்தல் எப்படி நடக்கிறது என்பது மண்டலத்தின் தலைப்புப் பதிவான எஸ்.ஓ.ஏ. பதிவில் இருக்கிறது. அதிலுள்ள வரிசை எண் கூடியிருந்தால்தான் துணை புதிய தரவை எடுத்துக்கொள்ளும். பலரும் 2024051503 என்பதுபோல், நாளோடு அன்றைய திருத்த எண்ணையும் சேர்த்து அதை எழுதுகிறார்கள். முகவரியை மாற்றிவிட்டு இந்த எண்ணைக் கூட்ட மறந்தால், மூலம் புதிய முகவரியையும் துணை பழைய முகவரியையும் சொல்லும். தளம் சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. பெயர் வழங்கியை வினவும் ‘டிக்’ கட்டளையால் இரு வழங்கிகளிடமும் எஸ்.ஓ.ஏ. பதிவைக் கேட்டு எண்களை ஒப்பிட்டால் குறை உடனே புலப்படும். 1996-இல் ஆர்.எஃப்.சி. 1996 வகுத்த ‘நோட்டிஃபை’ அறிவிப்பால் மாற்றத்தை மூலமே துணைக்குத் தெரிவிப்பதால், எஸ்.ஓ.ஏ.வில் குறித்த புதுப்பிப்பு இடைவேளை முடியும்வரை துணை காத்திருக்கத் தேவையில்லை. மூலத்தை நெடுநேரம் அணுக முடியாமற்போனால், அதே பதிவிலுள்ள காலாவதி மதிப்பு முடியும்வரை, 1209600 நொடி என்றிருந்தால் 14 நாள், துணை தன்னிடமுள்ள தரவைக் கொண்டே விடை தரும். அதற்குப் பின் அந்த மண்டலத்துக்கு விடை தருவதை நிறுத்திவிடும்.

இரண்டையும் ஒரே வலையமைப்பில் வைப்பது துணையின் பயனையே அழிப்பதாகும். வெவ்வேறு இடங்களிலும் வலையமைப்புகளிலும் வைக்குமாறு 1997-இலேயே ஆர்.எஃப்.சி. 2182 அறிவுறுத்தியது. ஆயினும் 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் பெயர் வழங்கிகள் நான்கும் ஒரே வலையமைப்பின் பின்னால் இருந்தன. ரவுட்டர் அமைவில் செய்த ஒரு தவறான மாற்றத்தால் அந்நிறுவனத்தின் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் பலருக்கும் கிடைக்காமற்போயின. எண்ணிக்கையில் நான்கு இருந்தும், துணை என்று சொல்லத்தக்கது அங்கே ஒன்றுகூட இல்லை.